பிளக்கைப் பிடுங்கிய கை

பலேர்மோவில் எங்கள் வீட்டில் இரண்டு பெரிய காரியங்கள் ஒரே நேரத்தில் நடக்காது. உடுப்புத் தோய்க்கிற மெஷின் சுற்றிக்கொண்டிருக்கும்போது மின்னடுப்பைப் போட்டால் 'டக்' என்றொரு சத்தம், அடுத்த கணம் வீடு இருட்டு. இந்த நாட்டில் ஒவ்வொரு வீட்டுக்கும் இவ்வளவு மின்சாரந்தான் என்று ஓர் அளவு உண்டு. அதற்கு மேல் ஒரு பொட்டும் தராது கொந்தத்தோரே, அதாவது மீற்றர். அது கீழே வாசற்கதவுக்குப் பின்னால் ஒரு பெட்டிக்குள் இருக்கிறது. நாலு மாடி இறங்கி, சுவிச்சை மேலே தள்ளிவிட்டு, மறுபடி நாலு மாடி ஏறவேண்டும். ஊரில் கரண்ட் போனால் ஒழுங்கை முழுவதும் சேர்ந்து இருட்டில் இருப்போம், கூட்டமாக யாரையாவது திட்டிக்கொண்டிருக்கலாம். இங்கே என் வீடு மட்டும் இருண்டுகிடக்க, எதிர்வீட்டுக்காரி பளிச்சென்ற வெளிச்சத்தில் பாஸ்தா வடிப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்கவேண்டும்.

இப்படியே இருபத்திரண்டு வருடம் இருந்து என் கைக்கு ஒரு வருத்தம், ஒரு நோய் பிடித்துவிட்டது. ஆளில்லாத அறையில் லைற் எரியக் கண்டால் நூர்க்கும், உடனே அணைத்துவிடும். சுவரில் பிளக் செருகியிருந்தால் பிடுங்கும். "நீர் சொர்க்கத்துக்குப் போனாலும் சூரியனை நூத்துப்போட்டுத்தான் இருப்பீர்" என்று இவர், என் மனுசன், பகிடி பண்ணுவார். இவர் துறைமுகத்தில் நாப்போலிக்குப் போகிற கப்பல்களைக் கழுவித் துடைக்கிற வேலை. அங்கே லைற் எரிவதைப் பற்றி ஒருவரும் கவலைப்படுவதில்லையாம்.

பகிடி பகிடியாக இருந்திருக்கலாம். ஆனால் அந்தக் கை ஒருநாள் பிடுங்கக்கூடாத பிளக் ஒன்றைப் பிடுங்கிவிட்டது. எங்கள் ஒரே மகள் ஆரணி இங்கேயே பிறந்தவள். அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது. பலேர்மோத் தமிழர் ஒன்றுகூடி, ஒரு கத்தோலிக்கக் கோயில்பங்கின் மண்டபத்தை வாடகைக்கு எடுத்து வாணிவிழா வைத்தோம். நான் விழாக்குழுவில் ஓர் ஆள். பதிகம் பாடுகிறேன் என்று பெயர் கொடுத்த ஆரணி, சிவப்பு நிற மின்சாரக் கிற்றாரோடும் ஒரு சின்ன ஸ்பீக்கர் பெட்டியோடும் மேடையில் ஏறினாள். பண் பிசகவில்லை, ஒரு சொல் பிசகவில்லை. இன்றைக்கு அதை நான் கற்பூரம் அடித்துச் சொல்லுவேன். ஆனால் முன்வரிசையில் தலைவர் சிவபாதத்தார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார். பின்னால் ஒருத்தி, யாருடைய பிள்ளை என்று நன்றாகத் தெரிந்துகொண்டே, "உது ஆற்றை பிள்ளையப்பா?" என்று கேட்டாள். எனக்கு உச்சியில் இருந்து உள்ளங்கால்வரை நெருப்பு. எழும்பிப் போய்ச் சுவரில் இருந்த பிளக்கைப் பிடுங்கிவிட்டேன்.

கிற்றார்க் கம்பிகள் வெறும் 'டிக் டிக்' என்று கேட்டன. அரை வரி அவள் தனிக் குரலில் பாடினாள். பிறகு நிறுத்தினாள். அழவில்லை. என்னைப் பார்த்து, "சரி, மம்மா" என்றாள். அன்றிலிருந்து நான் தமிழில் எது கேட்டாலும் அவள் எனக்கு இத்தாலியனில்தான் பதில் சொன்னாள். தகப்பனோடு தமிழ், என்னோடு இத்தாலியன். கோபமாகக்கூட இல்லை, மரியாதையாக, சிரித்த முகத்தோடு. கோபமென்றால் ஒருநாள் ஆறும். பாட்டும் நின்றுபோயிற்று. குளியலறைக்குள் முணுமுணுக்கிற சத்தம்கூட இல்லை. ஒரு வருடத்துக்கு மேல் என்னை ஒருவரும் 'அம்மா' என்று கூப்பிடவில்லை. இதை வாசிக்கிற தாய்மாருக்கு இதற்கு மேல் நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

என் வேலை பல்லரோச் சந்தைக்குப் பின்னால். ஒருகாலம் செபக்கூடமாக இருந்த பழைய கட்டடம். இப்போது கச்சேரி, கூட்டம் எல்லாம் அங்கே நடக்கும். கூட்டித் துடைத்துச் சாவித் திறப்பையும் வைத்திருப்பவள் நான். அந்தப் பக்கத்தில் தெருப்பெயர்களை மூன்று எழுத்தில் எழுதியிருப்பார்கள். மேலே இத்தாலியன், கீழே ஹீப்ரு, அதன் கீழே அரபு. ஒருகாலம் இங்கே யூதர், அரபிகள் எல்லோரும் இருந்தார்களாம். கூடத்தை நடத்துகிற ரொசாலியா என்ற பெண் கார்த்திகை மாதத்தில் ஒருநாள் ஓடிவந்து, அமெரிக்காவில் இருந்து ஒரு யூத றொக் இசைக்குழு வருகிறது, வெள்ளியில் இருந்து ஞாயிறுவரை மேல்மாடி அறைகளில் தங்குவார்கள், சனி இரவு தொடங்கக் கச்சேரி என்றாள். றொக் என்றால் தலைமயிரை விரித்துப்போட்டுக் கத்துகிறவர்கள் என்றுதான் எனக்கு நினைப்பு. வந்த நாலு பேரும் பள்ளிக்கூட வாத்திமாரைப் போல இருந்தார்கள். ஆண்கள் மூன்று பேர் தலையில் சின்ன வட்டத் தொப்பி வைத்திருந்தார்கள். பாடகரின் பெயர் ஏலி. அவருடைய மனைவி மிரியம் பேஸ் என்கிற அடித்தொனிக் கிற்றார் வாசிப்பவள். அவளுடைய தாய் இத்தாலிக்காரி என்பதால் நல்ல இத்தாலியன் கதைத்தாள். மற்ற இருவரும் சிரிப்பதோடு சரி.

"வெள்ளி பின்னேரம் தொடங்கி அவர்கள் வேலை ஒன்றும் செய்யமாட்டார்கள், தொந்தரவு பண்ணாதே" என்று சொல்லிவிட்டு ரொசாலியா போய்விட்டாள். களைத்து வந்த சனம், ஓய்வு எடுக்கட்டும் என்று நான் விளங்கிக்கொண்டேன்.

அன்று பொழுதுபடுவதற்கு முன் வாளியோடு மாடியால் போனேன். மிரியம் மேசையில் இரண்டு மெழுகுதிரி ஏற்றி, இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டு நின்றாள். நானும் காலையில் குளித்து விளக்கேற்றிவிட்டு, மீன், இறைச்சி என்று மச்சம் ஒன்றும் தொடாமல் வந்தவள். வெள்ளிக்கிழமைக்கு மரியாதை கொடுக்கிற ஆட்களை இந்த ஊரிலும் கண்டேனே என்று மனதுக்குள் ஒரு சந்தோஷம். கொஞ்ச நேரத்தில் நாலு பேரும் கடற்கரைப் பக்கம் நடக்கப் போனார்கள். நான் மேலே எட்டிப் பார்த்தேன். ஐயோ! அறையில் லைற், குசினியில் லைற், கக்கூசிலும் லைற். போதாததற்கு மின்தட்டு ஒன்று பிளக்கில் செருகிக்கிடக்க, அதன்மேல் ஒரு பானை சூப். ஆளில்லாத வீட்டில் இப்படியா? வருத்தம் பிடித்த கை சும்மா இருக்குமா? ஒவ்வொன்றாக நூர்த்தேன். மின்தட்டின் பிளக்கைப் பிடுங்கி வயரையும் அழகாகச் சுற்றி வைத்தேன். மெழுகுதிரிகளை மட்டும் தொடவில்லை. வெள்ளிக்கிழமை ஏற்றின விளக்கை ஊதி நூர்க்கிற அளவுக்கு நான் இன்னும் கெட்டுப்போகவில்லை.

அவர்கள் திரும்பி வந்து கொஞ்ச நேரத்தில், மிரியம் சுவரைத் தடவிக்கொண்டு படியிறங்கி வந்தாள். "மெழுகுதிரியும் எரிந்து முடிந்துவிட்டது, மேலே இருட்டாக இருக்கிறது" என்றாள்.

"ஓம், நான்தான் நூத்தனான்" என்று இத்தாலியனில் பெருமையாகச் சொன்னேன். நன்றி சொல்லத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

"சூப் ஆறிவிட்டது" என்றாள்.

"அதுக்கென்ன, பிளக் பக்கத்திலைதானே கிடக்கு, போட்டால் சூடாகும்" என்றேன்.

அவள் போகவுமில்லை, ஒன்றும் கேட்கவுமில்லை. நான் அவளைப் பார்க்க, அவள் என்னைப் பார்க்க, இரண்டு பேரும் படிக்கட்டில் நின்றோம். எனக்கு எரிச்சலாகவும் வந்தது. வாயைத் திறந்து என்ன வேணும் என்று சொன்னால் என்ன? கடைசியில் ரொசாலியாவுக்குப் போன் பண்ணினேன். "மதோன்னா!" என்று அவள் கத்தினது படிக்கட்டெல்லாம் கேட்டது. வெள்ளி பொழுதுபட்டதில் இருந்து சனிக்கிழமை வானத்தில் மூன்று வெள்ளி, அதாவது நட்சத்திரம், தெரியும்வரை அவர்களுடைய சமய ஓய்வுநாளாம், நெருப்பு மூட்டக்கூடாதாம், சுவிச்சும் தொடக்கூடாதாம். அதனால்தான் தேவையான லைற்றை எல்லாம் முன்கூட்டியே போட்டு வைப்பார்களாம். 'இதைப் போட்டுவிடு' என்று வேறு ஒருவரிடம் கேட்கவும் கூடாதாம்.

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. தேடி வந்த விருந்தாளியை இருட்டில் இருத்தி ஆறின சூப் குடிக்க வைத்தவள் என்ற பெயர் யாழ்ப்பாணத்தில் வேறு எவளுக்காவது கிடைத்திருக்குமா? லைற்றைப் போட மேலே ஓடினேன். மிரியம் மறித்தாள். எங்களுக்காக என்று போட்ட வெளிச்சத்தில் நாங்கள் இருக்கமுடியாது என்றாள். பிறகு, "ஆனால் நீ வந்து எங்களோடு கொஞ்சம் இருக்கலாம். இருட்டில் உனக்குத்தான் கஷ்டமாக இருக்கும்" என்றாள்.

எனக்கு அது உடனே விளங்கிவிட்டது. சுற்றிவளைத்துக் கேட்பதில் எங்கள் ஆட்களை வெல்ல ஆள் கிடையாது. கல்யாண வீட்டில் இன்னொரு கரண்டி பாயசம் வேண்டுமென்றால், "பாயாசம் ஆர் காய்ச்சினது? நல்ல கைப்பக்குவம்" என்று சொல்லிவிட்டுக் கோப்பையைப் பார்ப்போமே தவிர வாய்விட்டுக் கேட்போமா? நான் போய்க் கதிரையில் குந்தினேன். "எனக்கெண்டால் ஒரு கண்ணும் தெரியேல்லை" என்று தமிழில் சுவருக்குச் சொல்லிவிட்டு, எனக்காக எழும்பி எனக்காக லைற்றைப் போட்டேன். ஏலி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சூப்புக்கு மட்டும் வழி இருக்கவில்லை, ஆறினதையே குடித்தார்கள். வீட்டில் இருந்து சூடாக இடியப்பமும் சொதியும் கொண்டுவாறன், சைவச் சாப்பாடுதான் என்று சொன்னேன். நெஞ்சில் கைவைத்து மறுத்தார்கள், பிறர் குசினியில் சமைத்ததை உண்பதில்லையாம். ஒரு நிமிடம் மனம் சுருங்கியது. வந்த புதிதில் நான் வேலைசெய்த இத்தாலியச் சின்யோரா அம்மாவின் வீட்டில் தண்ணீர் மட்டும் வாங்கிக் குடித்த நாட்கள் நினைவுக்கு வர, அதுவும் சரிதான் என்று விட்டுவிட்டேன்.

சாப்பிட்டபின் நாலு பேரும் பாடினார்கள். வாத்தியம் ஒன்றும் இல்லை, அந்த நாளில் வாத்தியமும் தொடமாட்டார்கள். மெதுவான, பழைய பாட்டு. வழிபாட்டுப் பாட்டு என்று சொல்லாமலே தெரிந்தது. நாளைக்கு இதையே கிற்றாரும் டிரம்மும் போட்டு அதிர அதிரப் பாடுவோம் என்றாள் மிரியம்.

"உங்கடை பெரியாக்கள் பேசமாட்டினமோ?" என்று கேட்டேன்.

"என் அப்பா முதல் கச்சேரியில் பாதியில் எழும்பிப் போய்விட்டார்."

"பிளக்கைப் பிடுங்கேல்லையோ?"

அவள் நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தாள். "இல்லை. வெளியே போய்த் தெருவில் நின்றார். ஆனால் பாட்டுக் கேட்கிற தூரத்தில்தான் நின்றார்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்குத் தெரிந்த இத்தாலியனைக் கூட்டிக் குழைத்து வாணிவிழாக் கதையைச் சொன்னேன். மிரியம் கதிரையை என் பக்கம் திருப்பினாள். "நாளைக்கு அவளைக் கூட்டிக்கொண்டு வா" என்றாள். நான் விடைபெற்றுக்கொண்டு, லைற்றை எரியவிட்டபடி கதவைச் சாத்தினேன். படியிறங்கும்வரை கை துருதுருத்தது.

வீட்டுக்கு வந்து ஆரணியிடம் சொன்னேன். அந்தக் குழுவின் பாட்டெல்லாம் தன் போனில் இருக்கிறது, முதல் வரிசையில் நிற்க எப்போதோ ரிக்கற் எடுத்துவிட்டேன் என்று இத்தாலியனில் சொன்னாள். இரண்டு அறையுள்ள ஒரு வீட்டில்தான் இருக்கிறோம். அவள் காதில் கொழுவிக் கேட்கிற பாட்டு என்னவென்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

மறுநாள் கூடம் நிரம்பி வழிந்தது. ஆனால் மேடையில் ஒரு வயரும் செருகவில்லை. ஏலி முற்றத்தில் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்து ஒவ்வொருவராக வெளியே வந்து, கடைசியில் பலேர்மோச் சனம் முழுவதும் கழுத்தை நிமிர்த்தி வெள்ளி எண்ணிக்கொண்டு நின்றது. மூன்றாவதைக் கண்டு ஒரு வயோதிப மாது கைகாட்டிக் கத்தினாள். பிறகுதான் பிளக் செருகினார்கள்.

முதல் பாட்டு தொடங்கியபோது என் நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. நேற்று மேசையில் கேட்ட அதே பாட்டு. வந்திருந்தவர்களில் யூதர் ஐந்தாறு பேர் இருந்தால் அதிகம். சிசிலியப் பெடியள், பல்லரோவில் கடை வைத்திருக்கும் வங்காளிகள், கானா நாட்டுப் பெண்கள், கபோச் சந்தையில் இருந்து வந்த மீன்காரர் இருவர். ஒருவருக்கும் ஒரு சொல் விளங்கவில்லை. எல்லோரும் குதித்தார்கள். இது என்ன மாயம் என்று கதவோரத்தில் நின்று யோசித்தேன். அவர்கள் தங்கள் சாமியை ஒருவருக்கும் விளக்கவில்லை, எங்களைத் தங்கள் பக்கம் இழுக்கவுமில்லை. சொந்த வீட்டுச் சாமானை எடுத்துப் புழங்குகிறவர்களைப் போலப் பாடினார்கள். நாங்கள் புலம்பெயர்ந்த இடமெல்லாம் வரவேற்பறைச் சோபாவுக்குப் பிளாஸ்ரிக் உறை போட்டு வைத்திருக்கிறோம், அழுக்காகிவிடும் என்று. பிள்ளைகள் அதில் இருந்ததே கிடையாது. பிறகு, பிள்ளைகளுக்கு எங்கள் சாமான் பிடிக்கவில்லை என்று ஒப்பாரி வைக்கிறோம்.

நடுவில் ஏலி பேசினதை ரொசாலியா இத்தாலியனில் சொன்னாள். அவருடைய முன்னோர் இந்தத் தீவில் இருந்து துரத்தப்பட்டவர்களாம், ஐந்நூறு வருடத்துக்கு மேலாம். காலையில் தெருப்பலகையில் தன் எழுத்தைக் கண்டு அங்கேயே நின்றுவிட்டாராம். ஐந்நூறு வருடம்! எனக்குப் பயமாக இருந்தது. நாங்கள் வந்து இருபத்திரண்டு வருடம், அதற்குள் என் வீட்டில் என் கையாலேயே பாட்டு நின்றுவிட்டது. கடைசிப் பாட்டுக்குச் சொல் இல்லை, 'லை லை' என்று எல்லோரும் பாடவேண்டும். அந்த இரைச்சலுக்குள் ஒரு குரல் எனக்குத் தனியாகக் கேட்டது. பெற்றவளுக்குத் தெரியாதா? முதல் வரிசையில் கையை உயர்த்திக்கொண்டு ஆரணி தொண்டை கிழியப் பாடிக்கொண்டிருந்தாள். நான் சேலைத் தலைப்பு இல்லாத குறைக்கு வேலை ஏப்ரனால் முகத்தைத் துடைத்தேன். "பிடித்திருக்கிறதா?" என்று ரொசாலியா கேட்க, "சத்தம் கொஞ்சம் கூடிப்போச்சு" என்றேன்.

வீட்டுக்கு நடக்கும்போது சந்தையில் மீன்தட்டுகளைக் கழுவி ஊற்றியிருந்தார்கள், கல்லெல்லாம் வழுக்கியது. "பிள்ளை, அண்டைக்கு நான் செய்தது பிழை. உன்னிலை ஒரு பிழையும் இல்லை" என்றேன். அவள் தேங்கிநின்ற தண்ணீரைத் தாண்டினாள். "லோ சோ" என்றாள், எனக்குத் தெரியும் என்று. இத்தாலியனில்தான். ஆனால் வழுக்குகிற இடத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

தைப்பொங்கலை நான் வேலைசெய்யும் கூடத்தில் வைப்பது என்று முடிவாயிற்று. ஆரணி கிற்றாரோடு பதிகம் பாடுவாள் என்று சிவபாதத்தாரிடம் நானே போய்ச் சொன்னேன். அவளிடம் முதலே கேட்டிருந்தேன், அவள் தோளைக் குலுக்கினாள். சிவபாதத்தார், "தங்கச்சி, போனமுறை பிளக்கைப் பிடுங்கினது நீங்கள்தானே? நான் ஒண்டும் சொல்லேல்லையே" என்றார். உண்மைதான், அந்த மனுசன் கண்ணாடியைக் கழற்றினதைத் தவிர ஒன்றும் செய்யவில்லை. பொங்கலன்று காலை மழை. முற்றத்தில் காஸ் அடுப்பில் வைக்க இருந்த பொங்கலைக் குசினிக்குள் கொண்டுபோய் மின்தட்டில் ஏற்றினார்கள். ஆரணி மேடையேறும்போது நான் சுவர்ப் பிளக்குக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டுக் குந்தினேன். ஒருவரும் கிட்ட வரக்கூடாது என்று காலையும் நீட்டி வைத்துக்கொண்டேன்.

முதல் வரி பாடினாள். இரண்டாம் வரியில் 'டக்'. கூடம் இருட்டு. கிற்றார் செத்துவிட்டது. யன்னல் வெளிச்சத்தில் நூறு தலையும் என் பக்கம் திரும்பின, ஆரணியின் தலையும். "ஐயோ, நானில்லை பிள்ளை! பார், பிளக் இருக்கு!" என்று கத்திவிட்டேன். சனம் கொல்லென்று சிரித்தது. ஆரணியும் சிரித்தாள். சிரித்துவிட்டு, இந்தமுறை நிறுத்தவில்லை, தனிக் குரலில் பாடிக்கொண்டே நின்றாள்.

நான் குசினிக்கு ஓடினேன். பொங்கலும் கிற்றாரும் மேடை லைற்றும் ஒரே கொந்தத்தோரேயில். எப்படித் தாங்கும்? பெண்டுகள் பானையைச் சுற்றி நின்றார்கள். பால் ஓரத்தில் நுரை கட்டத் தொடங்கியிருந்தது. "அக்கா, கிற்றாரை நிப்பாட்டச் சொல்லிப்போட்டு சுவிச்சைப் போடுங்கோ, இந்தா பொங்கப்போகுது" என்றார்கள். பொங்குகிற பாலை நடுவில் நிறுத்தினால் வருடம் முழுவதும் சொல்லிக் காட்டுவார்கள், எனக்கும் மனம் பதறியது. நான் மின்தட்டின் பிளக்கைப் பிடுங்கினேன்.

"என்ரை அம்மாளாச்சி! அக்கா, என்ன வேலை பாக்கிறியள்?" என்று ஒருத்தி தலையில் கைவைத்தாள். அதற்குள் சிவபாதத்தார் வந்துவிட்டார். பிடுங்கின வயரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, இரண்டு துணியை எடுத்துப் பானையைப் பிடித்தார். "மழை விட்டிட்டுது. முத்தத்திலை காஸ் அடுப்புக் கிடக்கு. நிண்டு பாக்காமல் கதவைத் திறவுங்கோ."

கதவைத் திறந்துவிட்டு ஓடிப்போய் சுவிச்சைத் தள்ளினேன். கிற்றார் உறுமிக்கொண்டு உயிர்த்தது. திரும்பி வந்து முற்றத்துக் கதவில் நின்றேன். ஒரு பக்கம் ஈரக் கல்லின்மேல் அடுப்பு எரிந்தது. அதற்கு மேலே சுவரில் மூன்று எழுத்துப் பலகை, எங்கள் எழுத்து இல்லாதது. மறுபக்கம் கூடத்துக்குள் எங்கள் பதிகம் அதிர்ந்துகொண்டிருந்தது. "அக்கா, ஓடிவாங்கோ, பொங்குது!" என்று வெளியே கத்தினார்கள். அதே நேரம் உள்ளேயிருந்து, பாட்டின் இடைவெளியில், மைக்கில் ஒரு குரல், "அம்மா, எங்கை போட்டீங்கள்? இஞ்சை வாங்கோ" என்றது.

இரண்டு பக்கமும் கேட்கும்படி "வாறன்!" என்று சொன்னேன். சொல்லிவிட்டு வாசற்படியிலேயே நின்றேன்.